அறையைத் தயார் செய்யவும்

முதல் நாள் வகுப்பில் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி "எப்படி?" என்பதுதான்.

வேலைக்குப் போகிறவர்களுக்காக ஜொகூர் பாருவில் சனிக்கிழமைகளில் மட்டும் நடந்த முதுகலை வகுப்பு அது. படிப்பின் பெயரைச் சொன்னால் வீட்டில் யாருக்கும் விளங்கவில்லை. "தொழில்நுட்பத் தகவல் தொடர்பு" என்றேன். "டெலிபோன் ரிப்பேரா?" என்று கேட்டார் அம்மா. இயந்திரத்தோடு வரும் கையேடு, ஆலைச் சுவரில் ஒட்டும் அறிவிப்பு, மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாள், இவற்றையெல்லாம் எப்படி எழுதினால் படிக்கிறவருக்குப் புரியும் என்று சொல்லித்தருகிற படிப்பு. நான் கெலாங் பாத்தாவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை முறைத் தாள்கள் எழுதிக்கொண்டிருந்தேன். பட்டம் இருந்தால் பதவி உயரும் என்பதைத் தவிர அந்தப் படிப்பில் எனக்கு வேறு ஆசை ஒன்றும் இல்லை.

பன்னிரண்டு பேர் சேர்ந்திருந்தோம். தமிழர்கள் நானும் அவரும்தான். எனக்கு இருபத்தொன்பது வயது. அவருக்கு ஐம்பதை நெருங்கியிருக்கும். கோத்தா திங்கிக்கு உள்ளே ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் பாய்லர் பார்ப்பவர்.

விரிவுரையாளர் ஒரு கைவிளக்கையும் இரண்டு பேட்டரிகளையும் மேசைமேல் வைத்தார். பேட்டரி மாற்றுவதற்குக் குறிப்பு எழுத வேண்டும். ஒருவர் எழுதியதை இன்னொருவர் செய்துகாட்ட வேண்டும். தாளில் இல்லாத எதையும் செய்யக்கூடாது. நான் ஆறே வரிகளில் ஆங்கிலத்தில் அழகாக எழுதினேன். என் தாள் அந்தப் பாய்லர்காரர் கைக்குப் போயிற்று. மூடியைக் கழற்றினார். பழைய பேட்டரிகளை எடுத்துக் கீழே வைத்தார். மூன்றாவது வரிக்கு வந்ததும் நின்றுவிட்டார்.

"பேட்டரிய சரியா பொருத்தணும்னு எழுதியிருக்கம்மா. எப்படி?"

"சரியா போடுங்கண்ணே, அவ்ளோதான்."

"சரியான்னா எப்படி?"

மற்றவர்களுக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. கையில் இரண்டு பேட்டரிகளோடு, பேருந்துக்குக் காத்திருப்பவரைப் போல அமைதியாக நின்றார். என்னை வேண்டுமென்றே அவமானப்படுத்துகிறார் என்று நினைத்தேன். காது சூடாகிவிட்டது.

இடைவேளையில் காப்பிக் கோப்பையோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"கோவமா? எனக்குப் பேட்டரி போடத் தெரியும்மா. ஆனா அந்தத் தாளப் படிக்கப் போறவருக்குத் தெரியுமா தெரியாதான்னு உனக்குத் தெரியாதுல்ல."

அவருடைய இடது முன்கையில், மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் தோல் வழவழப்பாக, வேறு நிறத்தில் இருந்தது. ஒருநாள் நான் அதைப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு அவரே சொன்னார். பாய்லருக்கு வேலைக்குப் போன புதிதில் பட்ட நீராவிக் காயமாம். "எனக்கு முன்னாடி இருந்தவரு, அந்த வால்வ ஜாக்கிரதையா தொறடான்னு சொன்னாரு. நான் ஜாக்கிரதையாத்தான் தொறந்தேன்." இதைச் சொல்லும்போது அவர் குரலில் யார்மேலும் குறை இல்லை. எதிலிருந்து ஜாக்கிரதை, எந்தப் பக்கம் நிற்பது, எவ்வளவு திறப்பது என்று யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான் என்றார்.

பிறகு அதே பாய்லருக்கு அவரே பொறுப்பானபோது, நீர்மட்டத்தை அடிக்கடி பார்க்கவும் என்று சுவரில் இருந்த அறிவிப்பை எடுத்துவிட்டாராம். "அடிக்கடின்னா எப்ப? எனக்கு அரை மணி, இன்னொருத்தனுக்கு ரெண்டு மணி." அதற்குப் பதிலாக, ஆலையில் சங்கு ஊதும் ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும் என்று மலாயிலும், வங்காளதேசத் தொழிலாளர்களுக்காக வங்காள மொழியிலும் எழுதி வைத்தார். வங்காளத்தில் எழுத ஒரு தொழிலாளியை உட்காரவைத்து மூன்று நாள் பாடுபட்டாராம். மற்றவர்களெல்லாம் பதவிக்காகப் படிக்க வந்திருந்தபோது, அந்த மாதிரி இன்னும் எத்தனை தாள்கள் தப்பாக இருக்கும் என்று தெரிந்துகொள்ள வந்தவர் அவர்.

வளாகத்தில் எந்த அறிவிப்பைக் கண்டாலும் நின்றுவிடுவார். படிக்கமாட்டார். எதிரே தள்ளி நின்று, அதைப் படிக்கிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பார். சிற்றுண்டிச் சாலையில் தட்டுகளை இங்கே வைக்கவும் என்று ஓர் அட்டை தொங்கியது. யாரும் அங்கே வைப்பதில்லை. எங்கள் குழுவில் ஒருவர், "அலமாக், படிச்ச பிள்ளைங்களே இப்படியா!" என்று மலாயில் அலுத்துக்கொண்டார். இவர் மீகோரேங்கைச் சாப்பிட்டுக்கொண்டே அரை மணி நேரம் பார்த்தார். "தட்ட ரெண்டு கையில பிடிச்சிக்கிட்டு வராங்க. அட்ட தலைக்கு மேல தொங்குது. யாரு அண்ணாந்து பார்ப்பா?" என்றார். படிக்கிறவரை அவர் ஒருமுறைகூட முட்டாள் என்று சொன்னதில்லை. யாராவது சொன்னால் பேச்சை நிறுத்திக்கொண்டு எழுந்து போய்விடுவார்.

சனிக்கிழமை நண்பகல் பன்னிரண்டு மணிக்கு மட்டும் அவர் வகுப்பில் இருக்கமாட்டார். பாடம் நடந்துகொண்டிருந்தாலும் கைபேசியோடு தாழ்வாரத்துக்குப் போவார். கால் மணி நேரம் கழித்து வருவார். பங்குச் சந்தைக்காரர் என்று சிலர் கேலி செய்தார்கள். இரண்டாவது பருவத்தில்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. அவருடைய மனைவிக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. வாரம் மூன்று நாள் மையத்துக்குப் போய் இரத்தம் சுத்தம் செய்துகொள்ள அந்த அம்மாவின் இதயம் தாங்காது என்று, வயிற்றில் குழாய் பொருத்தி வீட்டிலேயே செய்யும் முறைக்கு மாற்றியிருந்தார்கள். ஒரு பையிலிருந்து மருந்துத் தண்ணீரை வயிற்றுக்குள் இறக்க வேண்டும். சில மணி நேரம் கழித்து அதை வெளியே வடித்துவிட்டுப் புதுப் பை மாற்ற வேண்டும். ஒரு நாளைக்கு நான்கு முறை. கையில் ஒட்டியிருக்கும் அழுக்கோ, காற்றில் பறக்கும் தூசியோ குழாய் வழியாக உள்ளே போய்விட்டால் ஆபத்து.

முதலில் அண்ணியே மாற்றிக்கொண்டிருந்தார். சர்க்கரை நோயால் கண் மங்கிய பிறகு இவர் மாற்றினார், வேலை நாள்களில் மதிய இடைவேளையில் ஆலையிலிருந்து வீட்டுக்கு வந்துபோய். சனிக்கிழமை நண்பகல் பையை மட்டும் அண்ணியின் தங்கை மாற்றுவார்; அது சரியாக நடந்ததா என்று கேட்கத்தான் அந்தத் தொலைபேசி அழைப்பு. ரெங்கத்தில் ஒரு பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் வேலை. வெள்ளிக்கிழமை மாலை பேருந்து பிடித்து வந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை திரும்பிப் போவார். மருத்துவமனைத் தாதி ஒருமுறை செய்துகாட்டியிருந்தார். அதற்குமேல் இவர் இரண்டு பக்கத்துக்குத் தமிழில் கைப்பட எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார். எழுத்து நெருக்கம் என்று தங்கை அதைப் படிப்பதில்லை, தாதி காட்டியதை நினைவில் வைத்தே செய்வார்.

நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டுக்குப் போனேன். வெள்ளத்துக்குப் பயந்து குளிர்ப்பெட்டியைச் செங்கல்மேல் ஏற்றி வைத்திருந்த வீடு. அண்ணி மெலிந்து, கால் வீங்கி, நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஆனால் வாய் ஓயவில்லை.

"வா வா. உங்கண்ணனோட குடும்பம் நடத்துறது பரீட்ச எழுதுற மாதிரி. குழம்புல கொஞ்சம் உப்புப் போடுங்கன்னு சொன்னேன். கொஞ்சம்னா எவ்வளவுன்னு நிக்கிறாரு. நான் என்ன தராசு வெச்சா சமைச்சேன் இத்தன வருசம்?"

"கேக்காம போட்டிருந்தா திட்டியிருப்ப" என்றார் அவர் அடுப்படியிலிருந்து.

"அதுக்கும் திட்டுவேன் லா. பொண்டாட்டி வேற எதுக்கு இருக்கா?"

தங்கை சிரித்துக்கொண்டே எனக்குத் தேநீர் கொண்டுவந்து கொடுத்தார். அண்ணியைவிடப் பத்து வயது இளையவர். கல்யாணம் செய்துகொள்ளாதவர். அக்கா எது சொன்னாலும் முதலில் சிரிப்பது அவர்தான். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு, "இவர படிக்கப் போகச் சொன்னதே நான்தாம்மா. சனிக்கிழமையாவது அந்தக் கேள்வியெல்லாம் வேற யாராவது வாங்கிக்கட்டும்" என்றார். பிறகு குரலை இறக்கி, "என்னப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருந்தா அவருக்குப் பைத்தியம் பிடிச்சிரும்" என்றார்.

அந்தப் பருவத்தில் எங்களுக்கு ஒரு கூட்டு வேலை தரப்பட்டது. இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து, உண்மையான ஒரு வாசகருக்கு உண்மையான ஒரு குறிப்புத் தாள் தயாரிக்க வேண்டும். எந்த மொழியிலும் இருக்கலாம், ஆங்கில மொழிபெயர்ப்பைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஒரே பக்கம். அதற்குமேல் ஒரு வரிகூடக் கூடாது. அவர் தயங்கித் தயங்கி என்னிடம் கேட்டார்.

"வீட்டுல ஒட்டியிருக்கிறதையே செய்யலாமா? உனக்குத் தமிழ் நல்லா வரும். எனக்கு ஆறாம் வகுப்புத் தமிழ்தான்."

எனக்கும் அது வசதியாக இருந்தது. தொழிற்சாலையில் தணிக்கை நேரம். வாரத்தில் ஒரு நாள்கூட ஏழு மணிக்கு முன்னால் வீடு திரும்பியதில்லை. பகுதி நேரப் படிப்பு என்று பெயர்தானே ஒழிய, மதிய உணவு நேரம், பேருந்தில் நின்றுகொண்டே வரும் நேரம், ஞாயிற்றுக்கிழமை தேவாலயப் பூசைக்குப் போகாமல் மிச்சம் பிடித்த நேரம் என்று எல்லாவற்றிலிருந்தும் பிய்த்து எடுத்துத்தான் படித்தேன். புதிதாக ஒன்றைத் தேடத் தெம்பில்லை.

அவருடைய இரண்டு பக்கத்தில் நாற்பத்தொரு வரிகள் இருந்தன. ஒரே பக்கத்தில் பெரிய எழுத்தில் வர வேண்டுமென்றால் இருபத்திரண்டுக்கு மேல் முடியாது. வளாக நூலகத்தில் உட்கார்ந்து வெட்டினோம். உண்மையில் வெட்டியது நான். அவர் ஒவ்வொரு வரியையும் வழியனுப்புவது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். தொடக்கத்தில் நான்கு வரிகள் இருந்தன.

ஜன்னலைச் சாத்தவும். கதவைச் சாத்தவும். மின்விசிறியை நிறுத்தவும். மேசையைத் துடைக்கவும்.

நான் நான்கையும் அடித்துவிட்டு, "அறையைத் தயார் செய்யவும்" என்று எழுதினேன்.

"எப்படி?" என்றார்.

எனக்கு எரிச்சல் வந்தது. மணி ஐந்தாகிவிட்டது. இன்னும் பதினாறு வரி குறைக்க வேண்டும்.

"அண்ணே, அந்த அக்கா நாலு மாசமா செய்றாங்க. நர்ஸே காட்டிக் குடுத்திருக்காங்க. கதவச் சாத்து, ஜன்னலச் சாத்துன்னு எழுதுனா அவங்கள முட்டாளாக்குற மாதிரி இருக்கு."

அவரை எந்த வார்த்தை தொடும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்துதான் சொன்னேன். அவர் பேனாவை மூடினார், திறந்தார். ஜன்னலுக்கு வெளியே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அப்படியா தோணுது?"

"ஆமாண்ணே."

"சரி, இருக்கட்டும்" என்றார். அவருக்கு எவ்வளவோ பேர் எவ்வளவோ விதமாகப் பதில் சொல்லியிருப்பார்கள். கேள்வி கேட்டுவிட்டுப் பதில் கிடைக்காமல் அவர் விட்டுக்கொடுத்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

அந்தத் தாளுக்கு வகுப்பிலேயே அதிக மதிப்பெண் கிடைத்தது. இவ்வளவு பெரிய செயலை இவ்வளவு சுருக்கமாக, ஒரு வார்த்தை வீணில்லாமல் எழுதியிருக்கிறார்கள் என்று விரிவுரையாளர் திரையில் போட்டுக் காட்டினார். நான் தொழிற்சாலையில் அதை நான்கு வண்ணத்தில் அச்சிட்டு, பிளாஸ்டிக் உறை போட்டு, அண்ணிக்கு அன்பளிப்பாகக் கொண்டுபோனேன். அண்ணி அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துத் தடவிப் பார்த்தார். "எவ்ளோ அழகா இருக்கு! அந்தப் பழைய காகிதத்தக் கிழிச்சுப் போடுங்க, பல்லி அசிங்கம் பண்ணி வெச்சிருக்கு" என்றார். அவர் பழையதைக் கிழிக்கவில்லை. மடித்து அலமாரியில் வைத்தார். சுவரில் எங்கள் புதுத் தாள் ஏறியது.

மூன்றாவது பருவம் தொடங்கி ஆறு வாரம் இருக்கும். மழையே இல்லாத மாதம். ஒரு சனிக்கிழமை வழக்கம்போல நண்பகலில் தாழ்வாரத்துக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தார். எல்லாம் சரியாக நடந்தது என்றார். அடுத்த சனிக்கிழமை அவர் வரவில்லை. செய்தி அனுப்பினேன். திங்கட்கிழமை காலையில் வடித்த தண்ணீர் அரிசி களைந்த கழுநீர் போலக் கலங்கி வந்ததாகவும், உடனே மருத்துவமனையில் சேர்த்துவிட்டதாகவும் எழுதியிருந்தார். கிருமி தொற்றிவிட்டது. குழாயை எடுத்தார்கள். மருந்து ஏற்றினார்கள். அண்ணியின் இதயம் தாங்கவில்லை. சேர்த்த பதினோராம் நாள் இறந்துபோனார்.

சாவு வீட்டுக்கு என்னால் போக முடியவில்லை. தணிக்கை இருந்தது. பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனேன். படையல் முடிந்து எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். தங்கை சுவரோரமாகத் தலை குனிந்திருந்தார். அண்ணியின் மூத்த அண்ணன், நெகிரி செம்பிலானிலிருந்து வந்தவர், பேச்சைத் தொடங்கினார்.

"ஏன் கிருமி வந்துச்சுன்னு கேட்டேன். சுத்தமா செய்யணும்னு டாக்டர் சொல்றாரு. ஏம்மா, நீ எப்படித்தான் செஞ்ச?"

தங்கை மெல்லச் சொன்னார். "கையக் கழுவினேன்ண்ணே. முகக்கவசம் போட்டேன். தாள்ல இருக்கிற மாதிரிதான் எல்லாம் செஞ்சேன். அன்னிக்கு ரொம்ப வெக்க. அக்காவுக்கு வேர்த்துக் கொட்டுச்சு, மூச்சு வாங்குச்சு. ஃபேன மட்டும் போட்டு விட்டேன்."

"ஃபேனா? பை மாத்துறப்ப யாராவது ஃபேன் போடுவாங்களா? மண்டையில ஒண்ணும் இல்லையா உனக்கு?"

"நர்ஸ் சொல்லிக் குடுத்தப்ப ஏர்கோன் ரூம்புண்ணே. ஃபேனே இல்ல அங்க. தாள்லயும் ஃபேனப் பத்தி ஒண்ணும் போடலயே..."

"தாள்ல போடலன்னா? அறிவு வேணாம்? கூடப் பொறந்தவளக் கொன்னுட்டு உட்கார்ந்திருக்க!"

அண்ணியின் கணவர் எழுந்து நின்றார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அன்றும் உயரவில்லை.

"அவள ஒண்ணும் சொல்லாதீங்க. ஃபேன நிறுத்தணும்னு முதல்ல எழுதியிருந்துச்சு. அந்த வரிய எடுத்தவன் நான். எழுதினது நான். அவ எழுதியிருந்தத அப்படியே செஞ்சா. அவ மேல தப்பு இல்ல."

 அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் நான் ஏதாவது சொல்லியிருப்பேனோ என்னவோ. நான் மடியில் இருந்த கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை. தங்கை அவரை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் நன்றி இல்லை. தனக்காக இவர் பழியைத் தூக்கிப் போட்டுக்கொள்கிறார் என்று எண்ணுகிற ஒரு வேதனைதான் இருந்தது.

மருத்துவர் எதனால் வந்தது என்று உறுதியாகச் சொல்லவில்லை. அந்த முறையில் இருப்பவர்களுக்கு எவ்வளவு கவனமாக இருந்தாலும் சில நேரம் தொற்று வரும், விசிறிதான் காரணம் என்று சொல்ல முடியாது என்றாராம். இதை நான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டேன். பேருந்தில் நின்றுகொண்டு வரும்போது, பல் துலக்கும்போது, தேவாலயத்தில் மண்டியிட்டிருக்கும்போது. சொல்லச் சொல்ல அது ஆறுதலாக இல்லாமல் ஆகிவிட்டது.

அவர் படிப்பை விட்டுவிட்டார். அலுவலகத்துக்கு ஒரு கடிதம் கொடுத்துவிட்டு, வகுப்புக்கு வந்து எல்லாரிடமும் கைகுலுக்கிச் சொல்லிக்கொண்டு போனார். என்னிடம், "நீ விட்டுடாத" என்று மட்டும் சொன்னார். நான் விடவில்லை. மூன்று வருடத்தில் முடிக்க வேண்டியதை மூன்றரை வருடத்தில் முடித்தேன். என் ஆய்வேடு நல்ல பெயர் வாங்கியது. மாணவர்களின் சிறந்த படைப்புகளைத் துறைச் சுவரில் மாட்டியிருந்தார்கள். எங்கள் தாளும் அதில் இருந்தது. அலுவலகத்தில் கேட்டு அதை எடுக்கச் சொன்னேன். ஏன் என்று கேட்டார்கள். அதில் ஒரு பிழை இருக்கிறது என்றேன். சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தார்கள். மதிப்பெண் மட்டும் என் பட்டியலில் அப்படியே இருந்தது.

பட்டச் சான்றிதழ் கைக்கு வந்த வாரம், அதை வீட்டில் வைத்துவிட்டுக் கோத்தா திங்கிக்குப் போனேன். அவர் வேலையிலிருந்து முன்கூட்டியே ஓய்வு பெற்றிருந்தார். முடி முழுவதும் நரைத்திருந்தது. வாசலில் உட்கார்ந்து மிதிவண்டிச் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். உள்ளே சுவரில் அண்ணியின் படம் மட்டும் இருந்தது.

"அண்ணே, அந்த நாலு வரியையும் எடுக்கச் சொன்னது நான்."

"ஆமா."

"காரியத்தன்னிக்கு எல்லார் முன்னாலயும் நான் சொல்லியிருக்கணும்."

துணியால் விரல்களைத் துடைத்தார். ஒவ்வொரு விரலாக.

"சொல்லியிருக்கலாம்" என்றார்.

பரவாயில்லை என்று சொல்வார் என எதிர்பார்த்துத்தான் அவ்வளவு தூரம் போயிருந்தேன் என்பது அப்போது எனக்கே தெரிந்தது. அவர் அதைச் சொல்லவில்லை. என்மேல் கோபமும் காட்டவில்லை. சங்கிலியைச் சுழற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"அவகிட்டச் சொன்னியா?"

தங்கையைச் சொல்கிறார். இல்லை என்று தலையாட்டினேன்.

"நான் சொல்லிப் பார்த்துட்டேம்மா. நம்ப மாட்டேங்கிறா. அவளக் காப்பாத்த நான் பொய் சொல்றேன்னு நினைக்கிறா. பழைய காகிதத்தக் காட்டுனேன். இப்ப எழுதிக்கிட்டு வந்தீங்களா மாமான்னு அழுறா. இந்த வீட்டுக்கே வரதில்ல. ரெண்டு திதிக்கும் வரல. நீ போய்ச் சொல்லு."

"எப்படிண்ணே சொல்றது?"

அவர் யோசித்தார். வரிசையாக, நிறுத்தி நிறுத்தி, நான் எழுதிக்கொள்ள வேண்டும் என்பது போலச் சொன்னார்.

"ஞாயித்துக்கிழம போ. காலையில சந்தைக்குப் போயிட்டுப் பத்து மணிக்கு வந்துருவா. உட்காரச் சொன்னா உட்காரு. சொல்லலன்னா நின்னுக்கிட்டே பேசு. முதல்ல என்ன எழுதியிருந்துச்சுன்னு சொல்லு. அப்புறம் யாரு எடுக்கச் சொன்னாங்கன்னு சொல்லு. ஏன் எடுக்கச் சொன்னன்னு கேட்டா அதையும் சொல்லு. மன்னிப்பு மட்டும் கேக்காத."

"ஏண்ணே?"

"கேட்டா அவ உன்னத் தேத்த வேண்டியிருக்கும்."

ஞாயிற்றுக்கிழமை ரெங்கத்துக்குப் போனேன். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு வரிசை வீடு. தங்கை வாசற்படியில் உட்கார்ந்து, மறுநாள் பள்ளிச் சிற்றுண்டிச் சாலைக்காக ஒரு கூடை சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரிய ஒரு நிமிடம் ஆயிற்று. உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். அந்த நான்கு வரியையும் சொன்னேன். நூலகத்தில் உட்கார்ந்து நான் அவற்றை அடித்ததையும், அவர் கேட்டதையும், நான் என்ன சொல்லி அவர் வாயை அடைத்தேன் என்பதையும் சொன்னேன்.

அவர் வெங்காயத்தைக் கீழே வைத்தார்.

"என்னை முட்டாளாக்கக் கூடாதுன்னா எடுத்த?"

"அப்படிச் சொன்னேன்க்கா. எனக்கு ஒரு பக்கத்துல அடங்கணும். அதான் காரணம்."

"அப்ப மாமா சொன்னது நெசந்தானா?"

"நெசந்தான்க்கா. அவரு எடுக்க வேணாம்னுதான் நினைச்சாரு."

 அவர் தன் வலது கையை விரித்துப் பார்த்தார்.

"அக்கா வேர்க்குதுடின்னு சொன்னா. நான்தான் போய் சுவிட்சத் தட்டினேன். இந்தக் கையாலதான். அன்னிலேருந்து இந்த வீட்டுல நான் ஃபேன் போடுறதில்ல. இந்த வெயில்ல. தெரியுமா உனக்கு?" என்னை முதல் முறையாக நேராகப் பார்த்தார். "நீ எங்கேருந்து வர?"

"கெலாங் பாத்தாக்கா."

"எவ்ளோ நேரம்?"

"ஒண்ணேகால் மணி நேரம்."

"ஒண்ணேகால் மணி நேரத்துக்கு உனக்கு மூணு வருசம் ஆச்சா?"

 மன்னிப்பு என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. அண்ணன் சொன்னது ஞாபகம் வந்து அடக்கிக்கொண்டேன். தங்கை முந்தானையால் கண்ணைத் துடைத்தார். வெங்காயத்துக்கா அழுகைக்கா தெரியவில்லை. எழுந்து உள்ளே போனார். கதவைச் சாத்திக்கொள்வார் என்று நினைத்தேன். ஒரு குவளைத் தண்ணீரோடு வந்தார்.

"குடிச்சிட்டுக் கிளம்பு. இனிமே வராத."

அவர் எதிரே நின்று முழுவதையும் குடித்தேன். குவளையை வாங்கிக்கொண்டார்.

நான் அண்ணனிடம் தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னேன். "சரிம்மா" என்றார். அதற்குப் பிறகு பல மாதம் பேச்சு இல்லை. ஒருநாள் தொழிற்சாலை வாகன நிறுத்தத்தில் காரை விட்டு இறங்கும்போது அவருடைய குரல் செய்தி வந்தது. பின்னால் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது.

"நேத்து திதிக்கு அவ வந்தாம்மா. காலையிலயே வந்துட்டா. அவதான் சோறு ஆக்குனா, குழம்பு வெச்சா. படையல் போட்டு, ரெண்டு பேரும் சாப்பிட்டோம். அக்கா பேச்செல்லாம் பேசுனா. கொஞ்சம் சிரிச்சா. ராத்திரி தங்கிட்டா. இப்பத்தான் கிளம்பப் போறா."

அதோடு முடிந்துவிட்டது என்று நினைத்துக் கைபேசியைப் பைக்குள் போட்டேன். அது மறுபடி அதிர்ந்தது. இன்னொரு செய்தி, நான்கு வினாடி நீளம்.

"உன்னப் பத்தி ஒண்ணும் கேக்கல."

அந்த வரியையும் அவர் விட்டுவிடவில்லை.